ஆறும்போது

எழுநூறு டிகிரியில் சண்டையே இல்லை.
ஹைட்ரஜனும் ஒரு சிட்டிகை மீத்தேனும்
ஊதாவாய் ஒளிரும் உலைக்குள்
டைட்டானியத் தாடைமூட்டின் மேல்
வைரம் படிகிறது,
ஆளில்லா வீட்டில் தூசி படிகிற மாதிரி.

எல்லாம் அணைத்த பிறகுதான்.
உலோகம் ஏகத்துக்குச் சுருங்கும்.
வைரம் பேருக்குச் சுருங்கும்.
அதிகாலை மூன்றரைக்கு
"டிக்" என்றது என்கிறாள் ஜுராசி.
வெற்றிடத்தில் ஏது சத்தம் என்கிறான் எலிசேயு.
காலையில் திறந்தால்
பொடுகு.

பதினோராவது துண்டு, உரிந்தது,
என்று நோட்டில் எழுதுகிறாள்.

உருண்டு புரண்டாலும்
ஒட்டுவதுதான் ஒட்டும் என்று
கைகழுவிவிட்ட மொழியில் இதை எழுதுகிறேன்.
நல்லவேளை, ஜுராசிக்கு அது தெரியாது.
எலிசேயு கல்யாணத்தை உவமை சொல்ல வாயெடுத்தான்;
இரண்டு முறை விவாகரத்தானவன்.
அவள் பார்த்த பார்வையில்
காபி எடுக்கப் போய்விட்டான்.

முகம் தெரிய மெருகேற்றிய உலோகத்தை
அவளே மணல் அடித்துக் கெடுத்தாள்.
சொரசொரப்பின் பள்ளங்களில்
கண்ணுக்குத் தெரியாத வைரக்குருணை விதைத்தாள்.
நடுவே சாம்பல்நிறத்தில் ஒரு கார்பைடு,
மெல்லியது,
இந்தப் பக்கத்தோடும் பேசும், அந்தப் பக்கத்தோடும் பேசும்.
பிறகு உலையைச் சட்டென அணைக்கவில்லை.
நிமிடத்துக்கு இரண்டு டிகிரியாக இறக்கினாள்,
ஜூன் மாதப் பனிமூட்டம்
சாவ் ஜோசேயின் தெருவிளக்குகளைத் தின்று முடிக்கும்வரை,
பிளாஸ்கில் காபி அவளை முந்திக்கொண்டு ஆறும்வரை.

புண்ணுக்கும் இதே வினைச்சொல்தான் என் மொழியில்.
அவசரப்படுத்தினால்
இரண்டுமே பொருக்கோடு வரும்.

பதினாறாவது துண்டு.
கூம்பு முனையால் நூற்றைம்பது கிலோ அழுத்திக் குத்தினார்கள்.
லென்ஸுக்கு அடியில்
குழியைச் சுற்றி விரிசல் விட்டிருந்தது.
பிடி விடவில்லை.
எலிசேயு விசிலடித்தான்.
அவள் மறுபடி பார்த்தாள், மறுபடி.

இன்னும் எலிகள் இருக்கின்றன, பிறகு ஆடுகள்,
பிறகு கையெழுத்துகள், ஆண்டுகள்.

ஆறரை மணிப் பேருந்தில்
நடத்துனர் வால்டெலிசி சில்லறை எண்ணித் தருகிறாள்.
ஆறு வருடமாகச் சோளக்கதிர் கடிக்காதவள்.
பழைய மூட்டு உள்ளே பொடிப்பொடியாய்த் தேய்கிற தாடை.
காலை வணக்கம் சொல்ல வாய் திறக்கும்போது
"டிக்".

ஜுராசி எதுவும் சொல்லவில்லை.
உள்ளங்கையில் நாணயங்கள்
இன்னும் சூடாக இருந்தன.