தலைக்கு ஒன்று

டர்பன் துறைமுகம். டிசம்பர். காலை பத்து மணிக்கே
சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.
வலது கையில் தட்டு,
தட்டில் இருபத்து நான்கு கோப்பை,
லிச்சிச் சாறும் சோடாவும்.
ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு காகிதக் குடை.
மழைக்கும் ஆகாது, வெயிலுக்கும் ஆகாது,
அது இல்லாவிட்டால் மட்டும்
இது வெறும் ஜூஸ்.

வேலைக்குச் சேர்ந்த அன்று சொல்லித் தந்தது இவ்வளவுதான்:
முழங்கை விலாவை விட்டுப் பிரியக் கூடாது.
பல் தெரிய வேண்டும்.
தலைக்கு ஒன்று.
இடது கைக்குள் எண்ணும் கருவி,
கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான்.
கோப்பை நகர்ந்தால் டிக்.

பக்கத்தில் தண்டேகா.
அவள் கழுத்து மணிகள் கம்பெனியுடையவை,
மாலை நான்கு மணிக்குக் கழற்றித் தர வேண்டும்.
ஏறுகிற ஒவ்வொருவருக்கும் "சாவுபோனா" என்கிறாள்.
உன்னைக் காண்கிறேன் என்று அர்த்தமாம்.
என் காதில் அது
சாவு போனா, சாவு போனா என்று
பாதியில் நிற்கிற வாக்கியமாகவே விழுகிறது.
போனா? போனால் என்ன?
வினைமுற்று வருவதற்குள்
அடுத்த பெட்டி உருண்டு வந்துவிடுகிறது.

பீனிக்ஸிலிருந்து ஒரு குடும்பம், ஒன்பது பேர்.
இது ஃப்ரீயா?
ஃப்ரீதான்.
நிஜமாகவே ஃப்ரீயா?
ரசீதைத் தேடுகிற கண்ணோடு குடித்தார்கள்.
அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.
மேல்தளத்தில் இதே கோப்பை தொண்ணூற்றைந்து ராண்ட்,
கேட்காமலே அட்டையில் ஏறும்.
வரவேற்பு என்ற சொல்லில்கூட
வரவுதான் முதலில் நிற்கிறது,
ஏற்பு அதன் முதுகுக்குப் பின்னால்.

அந்த வீட்டுக் கடைக்குட்டி
சாற்றை அப்பாவிடம் நீட்டிவிட்டு
குடையை விரிப்பதும் மூடுவதுமாக
கப்பலுக்குள் போனான்.

பதினொன்றரைக்கு அவர் வந்தார்.
இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டை,
விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்குகிற புதுப் பெட்டி,
அட்டையில் படையாச்சி, பி.
ஒரு கோப்பை எடுத்தார்.
டிக்.
இன்னொன்றும் எடுத்தார்.
நான் வாய் திறப்பதற்குள்
"வீட்டுக்காரி பின்னால வர்றா" என்றார்.
தமிழில்.
சனிக்கிழமை வகுப்போடு நான் மூட்டை கட்டி வைத்த தமிழில்.
என் முகத்தில் எதைக் கண்டு அந்த மொழியை எடுத்தாரோ.
விரல் அதன் பாட்டுக்கு இன்னொரு முறை அழுத்தியது.

தண்டேகா சாவுபோனா என்றாள்.
"யெபோ" என்றார்,
இரண்டு கையிலும் கோப்பை,
பெட்டியை முழங்காலால் தள்ளிக்கொண்டே.

அவருக்குப் பின்னால் வந்தது
ஒரு தேனிலவு ஜோடி.
அதற்குப் பின்னால் ரக்பி சட்டை போட்ட ஐந்து பேர்.
அதற்கும் பின்னால் சர்க்கரை இருக்கிறது, வேண்டாம் என்று
கையைக் காட்டிய ஓர் அம்மாள்.
நான் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
தட்டு சாய்ந்து ஒரு கோப்பை நழுவப் பார்த்தது.

கதவு மூடினார்கள்.
மேற்பார்வைக்காரர் க்ரோப்ளர் கணக்குப் பார்த்தார்.
வேண்டாமென்றவர்கள் போக உன் வரிசையில் நானூற்றுப் பதினொன்று.
உன் கருவியில் நானூற்றுப் பன்னிரண்டு.
யார் தலை அது?

சாறு தீர்ந்த தொண்டைக்காரனின் தந்திரம் என்று
சொல்லியிருக்கலாம்.
இறந்தவள் என்றும் சொல்லியிருக்கலாம்.
இரண்டுக்கும் என்னிடம் சாட்சி இல்லை.
"கட்டைவிரல் வழுக்கிவிட்டது சார்."
பேனாவால் ஒன்றை அடித்தார்,
அவ்வளவுதான், ஆள் இல்லை.

மிச்சச் சாற்றை நாங்கள் குடிக்கக் கூடாது, தொட்டியில் ஊற்ற வேண்டும்.
ஊற்றினோம்.
தண்டேகா விரலை நக்கிப் பார்த்து
பல்பொடி மாதிரி இருக்கிறது என்றாள்.

ஏறுபாலத்தின் அடியில் துடைக்கப் போனபோது
கைப்பிடி ஓரத்தில் இரண்டு கோப்பை,
ஒன்றுக்குள் ஒன்று செருகி,
இரண்டும் காலி.
குனிந்து தேடினேன்,
பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில்கூடப் பார்த்தேன்.
குடை இரண்டையும் காணோம்.