ஒகட்டி, ரெண்டு, மூடு

மரகதத்தின் கை என்மேல் படவே இல்லை.
இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.
நகரி மைதானத்தில்
போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்பும்போது
உடம்பு திரும்பிவிட்டது,
பாதம் திரும்பவில்லை.
முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.
அது எனக்குள்ளிருந்து வந்ததென்று
விழுந்த பிறகுதான் தெரிந்தது.

சித்தப்பா பைக்கில் புத்தூர் கட்டுக்கு ஏற்றிப் போனார்.
கட்டுப்போடுகிறவர்
முட்டியை இரண்டு முறை அசைத்துப் பார்த்து
பச்சிலையை எடுக்காமலே எழுந்தார்.
"இது எலும்பு இல்லம்மா, உள்ளே நார் போயிருக்கு.
திருப்பதிக்குப் போ."
காசும் வாங்கவில்லை.

என் தொடைக்குப் பின்னாலிருந்தே
நாண் ஒன்றை உருவி, நாலாய் மடித்து
முட்டிக்குள் கோத்தார்கள்.
அப்பா டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி,
"எத்தனை இழை சார்?"
நாலு என்றதும் தறிக்காரர் தலையாட்டினார்.
"தாங்கும்."
திருடியதும் என் கால், பறிகொடுத்ததும் என் கால்.
பின்தொடை அந்தக் கோபத்தில்
ராத்திரியானால் இழுக்கிறது.

ஏகாம்பரகுப்பம் ரயில்வே கேட் பக்கம், மாடியில்
ஸ்ரவந்தி மேடத்தின் பிசியோ அறை.
கீழே பதினாறு தறி. சுவரே நடுங்கும்.
அவருக்குப் பாதித் தமிழ், எனக்குப் பாதித் தெலுங்கு,
வலிக்கு இரண்டும் போதவில்லை.
காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி எண்ணுவார்:
ஒகட்டி.
ரெண்டு. (இங்கே மட்டும் இரு மொழியும் ஒரே படியில் நிற்கும்.)
மூடு.
நான் கண்ணை மூடுவேன்.
"கண்ணு இல்ல, மூணு!" என்று சிரிப்பார்.
பத்து வருவதற்குள் தொடை உதறும்,
கீழே ஓடும் தறியைவிட வேகமாக.

"மூச்சை அடக்காதே, விடு."
அதுதான் வரவில்லை.
பதினோரு வருஷமாக அடக்கித்தான் ஜெயித்தேன்.
அந்தப் பக்கம் மூச்சை விட்டால் அவுட்.
இந்தப் பக்கம் விடாவிட்டால் திட்டு.

டேப் வைத்து அளந்தார்.
வலது தொடை நாற்பத்தொன்பது, இடது நாற்பத்தைந்தரை.
மூன்றரை சென்டிமீட்டர் எங்கே போனது?
யாரும் எடுக்கவில்லை,
சும்மா கிடந்ததில் போனது.
மடக்கினால் எழுபது டிகிரி, பிறகு தொண்ணூறு,
நூற்றுப்பத்தில் ஒரு மாசம் அடம்.
நூற்றுமுப்பதில்
எங்கள் வீட்டுக் கக்கூசில் குந்தி எழுந்தேன்.
எந்தக் கோப்பைக்கும் அப்படி அழுததில்லை.

ஞாயிறுதோறும் ஆற்காட்டிலிருந்து மரகதம் கூப்பிடுவாள்.
"என்னாலதானே அக்கா?"
"பரவாயில்லடி" என்பேன்.
ஒருத்தி பிடித்து விழுந்தால் அது ஆட்டம்.
சும்மா திரும்பி விழுந்தேன் என்றால்
அந்தத் திருப்பத்தை மறுபடி எப்படி நம்புவது?

எட்டாம் மாசம்.
ஒற்றைக் காலில் தாண்ட வேண்டும்.
தரையில் சாக்பீஸ் கோடு.
வலது தாண்டிவிட்டது.
இடது, ஒரு கூட்ஸ் வண்டி முழுக்கப் போகும்வரை
கோட்டிலேயே நின்று யோசித்தது.
"முட்டி ரெடி" என்றார் மேடம், தட்டிப் பார்த்து.
தட்டிப் பார்க்க முடியாத ஒன்று ரெடியாகவில்லை.
நானே எண்ணினேன்.
ஒகட்டி. ரெண்டு.
கண்ணைத் திறந்தபடியே தாண்டினேன்.
வலதைவிட ஒரு ஜாண் குறைவு.

இன்று ஞாயிறு. கரண்ட் இல்லை,
தறிச் சத்தம் இல்லாத தெருவில் போன் பெரிதாக அடிக்கிறது.
"மரகதம், நீ என்னைத் தொடவே இல்லடி."
ரொம்ப நேரம் பேச்சில்லை.
பிறகு கேட்டாள்,
"அப்போ அந்தப் பாயிண்ட்?"