காலிக் கட்டம்

விண்ணப்பத்தில் பதினோராவது கேள்வி:
பணியில் இடைவெளி இருப்பின் காரணம் எழுதுக.
முந்நூறு எழுத்துக்குள்.

ஒன்பது வருடம்.
பர்கூரில் பொறியியல் முடித்து
எலெக்ட்ரானிக் சிட்டியில் இரண்டு வருடம்
அடுத்தவர் நிரலில் பிழை பிடித்தவள்
பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்குப் பின்தெருவில்
கிரேடு கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.
எழுதினேன், அழித்தேன்.
கல்யாணம் என்பது ஐந்தே எழுத்து.
மாமனாரின் டயாலிசிஸ், வாரம் இருமுறை
தருமபுரிக்குப் போய்வரும் பஸ்,
மகளின் வீசிங்,
எதை விட்டு எதை எழுத?
காலியாகவே அனுப்பினேன்.

நேர்காணலுக்கு வீட்டில் மூலை இல்லை.
சென்னகேசவன் சின்ன யானையைப்
புளியமர நிழலில் நிறுத்திவிட்டு
டீ குடிக்கப் போனார்.
வண்டிக்குள் அழுகல் தக்காளி வாடை.
டேஷ்போர்டில் சாய்த்த போனில் மூன்று முகங்கள்.
வாய் திறக்காமல் சிரிக்கப் பழகியவள் நான்.
எங்கள் ஊர்த் தண்ணீர்
பல்லில் பழுப்புக் கோடு போட்டுத்தான்
ஆளை வெளியே அனுப்பும்.
ஒன்பது வருடத்தில் என்ன மறந்தீர்கள் என்று கேட்டார்கள்.
சம்பளத் தேதியை, என்றேன்.
மூவரும் சிரித்தார்கள்.
நானும், பல் தெரிய.

ஃபெலோஷிப். ஆறு மாதம்.
மாதம் இருபத்தையாயிரம்,
என் பெயரில் மட்டும் இருக்கிற கணக்குக்கு.
"படிக்கிறதுக்கு அவங்க காசு குடுக்கிறாங்களா?"
மாமியார் மூன்று முறை கேட்டுவிட்டுப்
பக்கத்து வீட்டில் போய்
ஏதோ ஏமாத்து வேலை என்று சொல்லிவைத்தார்.
முதல் மாதப் பணத்தில்
மாமனாரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆள் வைத்தேன்.
அன்றைக்குத்தான் தெரிந்தது
செவ்வாயும் வெள்ளியும்
இத்தனை நீளமான கிழமைகள் என்று.
பாடமெல்லாம் யூடியூபிலேயே கிடக்கிறது.
அந்த இரண்டு கிழமைகள்தான்
எங்கேயும் கிடைக்கவில்லை.

இரவு பத்துக்குக் குழு அழைப்பு.
ஓசூரில் ஷிப்ட் முடித்து
ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள் நஸ்ரீன்.
ஊத்தங்கரை ஜெபக்கனி
கேமராவை அணைத்துவிட்டுப் பால் கொடுப்பாள்,
குழந்தை விழுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்கும்.
ஒருநாள் என் நிரல் ஓடவே இல்லை.
நாற்பது நிமிடம் தேடினோம்.
"அக்கா, அம்பத்தி மூணாவது வரி,
ஒரு இடைவெளி குறையுது" என்றாள் நஸ்ரீன்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
அப்புறம் ஜெபக்கனி குபீரென்று சிரித்ததில்
குழந்தை எழுந்து அழுதது.

என் பங்குக்கு வந்தது
ஆழ்துளைக் கிணறுகளின் நீர்ப் பரிசோதனைத் தாள்,
நாலாயிரம் வரிசை.
எந்த ஊரில் எவ்வளவு ஃப்ளோரைடு,
நிறத்தால் சொல்லும் ஒரு வரைபடம்.
துல்லியம் தொண்ணூற்று மூன்று என்றது திரை.
என் பிறந்த ஊர் பச்சை.
பச்சை என்றால் நல்ல தண்ணீர்.
நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தேன்.

மறுபடி முதல் வரிசையிலிருந்து.
யாரும் போய்ப் பார்க்காத கிணறுகள்
நூற்றுப் பன்னிரண்டு.
காலிக் கட்டங்களில் எவரோ
பொறுமையாகப் பூஜ்ஜியம் நிரப்பியிருந்தார்.
ஒவ்வொன்றாக அழித்தேன்.
துல்லியம் எழுபத்தொன்பதுக்குச் சரிந்தது.
ஊர் சாம்பல் நிறமானது.
அறிக்கையின் கீழே ஒரு குறிப்பு சேர்த்தேன்:
காலி என்றால் பூஜ்ஜியம் அல்ல.
யாரும் கேட்கவில்லை என்று பொருள்.

மார்ச்சோடு முடிகிறது.
ஓசூர்க் கம்பெனி ஒன்று கூப்பிட்டிருக்கிறது.
வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.
ஆள் சம்பளத்துக்கு ஏப்ரலில் என்ன வழி
என்று கணக்குப் போட்டபடி இருக்கிறேன்.
அவர்கள் படிவத்திலும் அதே கேள்வி,
இங்கே ஆறாவது.
இம்முறை எழுதினேன்:
தண்ணீர் குடித்தேன், தண்ணீர் சுமந்தேன்,
இப்போது தண்ணீரைப் படிக்கிறேன்.
இருநூறு எழுத்துக்கு மேல் மிச்சம்.

முன்பல் விழுந்த சந்தில் நாக்கை நீட்டியபடி
பக்கத்தில் வந்து நிற்கிறாள் தன்விகா.
புதுப் பல் என்ன கலரில் வரும்மா?
ஒகேனக்கல் தண்ணீரில் வளர்கிறவள்.
குழாய் உடைந்த ஒரு வருடம் மட்டும்
போர் தண்ணீர்.

அந்தக் கட்டத்தை
நான் இன்னும் நிரப்பவில்லை.