ஒன்பது கிராம்

எதெல்வினா பூசணி ரொட்டி பொரித்த எண்ணெய்
கறுத்துக் கசந்து பதினோரு லிட்டர்.
முன்பு படகுத்துறைச் சாக்கடைக்குப் போனது.
இப்போது கேனில் அடைத்து
மீன்பிடிப் பள்ளியின் ஆய்வக வாசலில் வைத்து
"உன் பூதத்துக்குப் படையல்" என்கிறாள்.

சிலோயே தீவில் ஜூன் மாத மழை.

முதலில் காஸ்டிக் சோடா போட்டேன்.
பழைய எண்ணெயின் புளிப்பும் நீரும் சேர்ந்து
குடுவை முழுக்க சோப்பு.
படகுக்காரன் பெலார்மினோ கையைவிட்டுத் தேய்த்தான்.
இருபது வருட கிரீஸ் போயிற்று.
"இதையே விற்கலாமே!"
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
கரைந்த சோடாவைத் திரும்ப எடுக்க வழியில்லை.

பிறகுதான் தொழிற்சாலைக்குப் பின்னால்
நாறிக் கிடந்த சிப்பி ஓட்டு மலையைப் பார்த்தேன்.
குயவர் சூளையை இரவல் வாங்கி
தொள்ளாயிரம் டிகிரியில் நான்கு மணி நேரம்.
நீலக் கருமை எரிந்து
சோற்றுவெள்ளைத் தூள்.
சூட்டோடு ஜாடியில் அடைக்க வேண்டும்,
காற்றுப் பட்டால் மெல்ல மெல்ல
மறுபடி ஓடாகப் பார்க்கும்.

எண்ணெயைப் பழைய சட்டையில் வடிகட்டி,
சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி,
மெத்தனால் சேர்த்து, தூள் தூவி
அறுபத்தைந்து டிகிரியில் மூன்று மணி நேரம் கலக்கினேன்.
விடிந்தபோது
கீழே தேன்பாகாய்க் கிளிசரின்,
மேலே கடுந்தேயிலை நிறத்தில் டீசல்.
அடியில் அதே தூள்,
கொஞ்சம் சாம்பல் பூத்து.

வினையூக்கி.
வினையை நடத்திவிட்டு
வினை ஒட்டாமல் வெளியே வருவதாம்.
பாடத்தில் அப்படித்தான் படித்தேன்.
நான் ஒவ்வொரு முறையும் கழுவி, சுட்டு, எடை போட்டேன்.
ஐம்பது கிராமில் தொடங்கியது
ஐந்தாம் முறை நாற்பத்தொன்று.
யாரும் முழுசாக வெளியே வருவதில்லை போல.
நோட்டில் ஒன்பதை எழுதி
காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

சனிக்கிழமை மழை சற்று விட்டது.
பெலார்மினோ கயிற்றைச் சுண்ட
எஞ்சின் இருமியது, இருமியது,
பிடித்துக்கொண்டது.
துறை முழுக்கப் பொரித்த மாவு வாசனை.

கடற்காகங்கள் கூட்டமாய் எழுந்து
புகையைத் துரத்திக்கொண்டு போயின.
அலகு திறந்து, கத்தி, காற்றைக் கொத்தி
ஒன்றும் கிடைக்காமல் இன்னும் கத்தி.
பாவம் பார்த்த பெலார்மினோ
மதியத்துக்கு வைத்திருந்த ரொட்டியைப் பிய்த்து வீசினான்.

கரையிலிருந்து எதெல்வினா
கைகளைக் குவித்துக் கத்தினாள்:
"அதுக்கும் காசு கொடுக்கணும்!"