வழக்கு முடியும்வரை

தாளில் என் பெயரைத் தப்பாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.
பாக்கியசீலி, பாக்யா ஷீலா ஆகிவிட்டாள்.
இருக்கட்டும்.
குதைபியாவில், மூன்றாம் மாடியில்,
ஆறு பேருக்கு ஒரே சன்னல், அதிலும் அட்டை ஒட்டிய அறையில்
பதினோரு மாதம் பெயரே இல்லாமல் தைத்தவள் நான்.

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தவன் அரபி இல்லை.
எங்கள் பக்கத்து ஆள்தான்.
உடன்குடிக் கருப்பட்டி அரைக்கிலோ கையில் கொடுத்து
அம்மா சுகமா என்று விசாரித்துவிட்டு
வெளியே பூட்டிக்கொண்டு போனான் தங்கப்பழம்.

யோகமலர் படியில் விழுந்த இரவு
ஆம்புலன்ஸ் வந்தது. பின்னாலேயே போலீஸ்.
ஸ்டேஷனில் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்கள்:
நீ ரன்அவே. எட்டு மாதத்துக்கு முன்பே
ஓடிப்போனதாகப் புகார் இருக்கிறது.
நாளுக்கு நாள் அபராதம் ஏறியிருக்கிறது.

பூட்டிய அறைக்குள்
கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டே
ஓடிப்போயிருக்கிறேன்.

அந்தப் பெண் அதிகாரி டீ வாங்கித் தந்தார்.
சாட்சி சொன்னால் அபராதம் போகும் என்றார்,
வழக்கு முடியும்வரை இங்கே இருக்கலாம், வேலை பார்க்கலாம்.
அவர் அரபியில் சொன்னதை
பிரகாசன் சேட்டன் மலையாளத்தில் சொல்ல
நான் தமிழில் வாங்கிக்கொண்டேன்.
மூன்று கை மாறியும் டீ சூடாகத்தான் இருந்தது.

மற்ற நால்வரும் அவுட்பாஸ் வாங்கிக் கிளம்பிவிட்டார்கள்.
ஒருத்திக்குக் கல்யாணம் பேசியிருந்தது.
குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.
யோகமலரை இடுப்பில் கம்பியோடு
மன்னாருக்கு அனுப்பி வைத்தார்கள்.
அவளுக்கும் சேர்த்து நான்.

"தள்ளினான்" என்றேன்.
பிரகாசன் எழுதியது "அடித்தான்".
அவர் மொழியில் தல்லினால் அது அடி.
அடி என்றே இருக்கட்டுமே, கேஸ் இன்னும் பலம் என்றார்.
இல்லை சேட்டா.
அடிக்கவில்லை. ஒரு விரல் மேலே படவில்லை என்று
அவன் சத்தியமே செய்வான்.
முதுகில் இரண்டு கையும் வைத்து
ஒரு மூட்டையைப் போல.
கீழே பதினாலு படி.
திருத்தி எழுத அரைமணி ஆனது.

அண்ணன் போனில் மெதுவாகப் பேசுகிறான்.
தங்கப்பழத்தின் அம்மா வாசலில் வந்து உட்கார்ந்து
சாயங்காலம்வரை அழுதுவிட்டுப் போனாளாம்.
நமக்கு ஏன் வம்பு, அதான் தப்பிச்சிட்டியே.
காசு வந்ததா என்று கேட்டேன்.
வந்தது என்றான்.
அந்தக் காசு எந்தத் தாளில் வருகிறது என்று
அவனுக்குச் சொல்லவில்லை.

இப்போது முஹர்ரக்கில் அபாயா கடை.
ஒவ்வொரு வாய்தாவுக்கும்
தாளில் ஒரு தேதி தள்ளிப் போகிறது.
அவனுடைய வக்கீலுக்குக் காய்ச்சல்: ஆறு வாரம்.
கோப்பு வரவில்லை: இரண்டு மாதம்.
தீர்ப்பு வரும் நாளில் நான் ஜெயிப்பேன்,
ஜெயித்த கையோடு பெட்டி கட்டுவேன்.
ஜெபத்தில் எதைக் கேட்பது என்று
குழம்பிப்போய் பாதியில் எழுந்துவிடுகிறேன்.
ஒரு வெள்ளிக்கிழமை
வக்கீலுக்கு இன்னொரு காய்ச்சல் கேட்டேன்.
கேட்டது கேட்டதுதான்.

நிஜத் தையலுக்கு முன்னால் போடும் ஓட்டுத் தையலை
துணி தன்னுடையது என்று நினைப்பதில்லை.
வேலை முடிந்ததும் முனையைப் பிடித்து இழுத்தால்
ஒரே நூலாக வந்துவிடும்.
ஆனால் அதுவரை
மொத்தத் துணியையும் பிடித்து நிற்பது அதுதான்.

நேற்று முதலாளியம்மா கேட்டார்:
பெருநாளுக்கு இருபது உருப்படி, கைவேலையோடு, முடியுமா?
பெருநாள் இருபத்தேழு.
என் தாள் பத்தொன்பதோடு சரி.

முடியும் என்று சொல்லிவிட்டு
அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.