ஐந்து கிலோவுக்கு மேல் கூடாது

ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு.
போகும்போது இருபது, இறங்கும்போது இருபது,
வாரத்துக்கு ஐந்து நாள்.
முன் டயர்களின் வெளி ஓரம்
கடைசிச் சோப்புத் துண்டு மாதிரி வழவழத்துக் கிடக்கிறது.
பின்னாலிருப்பதை முன்னால் போடவேண்டும்,
முன்னாலிருப்பதைப் பின்னால்.
சின்ன வேலைதான்,
ஆவணி மழையில் பள்ளிக்கூடப் படியில்
நான் உட்காராமல் உட்கார்ந்த நாள்வரைக்கும்.

ஃபிரிட்ஜ் கதவில் ஜெனிட்டா ஒட்டச்சொன்ன தாள்:
குனியக் கூடாது. தூக்கித் திரும்பக் கூடாது.
ஐந்து கிலோவுக்கு மேல் கூடாது.
ஸ்டெப்னியைத் தெருவுக்கு உருட்டிப் போய்
பழைய பேப்பர் அங்கமுத்துவிடம் நிறுக்கச் சொன்னேன்.
கொக்கியில் மாட்டித் தம் பிடித்துப் பார்த்தார்.
"பதினாலு முந்நூறு.
எடைக்குப் போடறீங்களா டீச்சர்?"

ஞாயிறு காலை ஆறரை. கன்னங்குறிச்சியில்
மலை இன்னும் போர்வைக்குள்ளேயே இருந்தது.
சக்கரத்துக்கு அண்டக் கொடுக்க இரண்டு வெள்ளைக்கல்,
முழங்காலுக்கு மடித்த சாக்கு,
குளியலறை முக்காலி,
வற்றிப்போன போர்வெல்லின் அடிபம்பிலிருந்து
கழற்றி வைத்த கைப்பிடிக் குழாய்.
இடுப்பில் பெல்ட். அதற்கு மேல் பழைய நைட்டி.
இன்றைக்கு இடப்பக்கம் மட்டும் என்று
உடம்போடு ஒப்பந்தம்.

வண்டி தரையில் நிற்கும்போதே நட்டைத் தளர்த்தணும்.
ஸ்பேனரில் குழாயைச் செருகினேன்.
பலம் இல்லாத இடத்தில் நீளம்.
முதுகை நேராக வைத்து, மூச்சை விட்டபடி
தோளால் மட்டும் அழுத்த
ஒன்று க்ரீச்சென்றது. இரண்டு. மூன்று.
நான்காவது, கடைக்காரன் துப்பாக்கியால் முடுக்கியது,
அசையவில்லை.

மாடி வீட்டுத் தணிகைவேல் பனியனோடு இறங்கி வந்தார்.
"விடுங்க, நான் பாத்துக்கறேன்."

மூன்று மாதமாய் இந்தச் சொல்.
தண்ணீர் கேனுக்கு. அரிசிப் பைக்கு.
நாற்பது பிள்ளைகளின் கணக்கு நோட்டுக்கு.
ஒருநாள் பேருந்தில் என் குடைக்கும்கூட.
நல்லவர்கள்தான் எல்லோரும்.
ஒவ்வொருவராக வாங்கி வாங்கி
கடைசியில் என் கையில்
கைதான் இருந்தது.

"நீங்க அந்தப் பக்கம் உட்காந்து
துளை நேரா வருதான்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்,
நட்டுக்குத் தேங்காயெண்ணெய் விட்டுக்கொண்டே.
கால் மணி நேரம் இருவரும்
எண்ணெய் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு அது, ஒன்றுமே நடக்காததுபோல், திரும்பியது.

சக்கரத்தை நான் தூக்கவில்லை.
கழன்றது தானாகவே என் பக்கம் சாய்ந்தது,
உருட்டினேன். புதியதை உருட்டி வந்து
அடியில் குழாய், குழாய்க்கு அடியில் செங்கல்,
முக்காலியில் உட்கார்ந்தபடி
மறுமுனையைக் குதிகாலால் அமுக்கினேன்.
பதினாலு முந்நூறு எழுந்தது.
"இன்னும் ரெண்டு நூல்" என்றார் தணிகைவேல்.
"ஒரு நூல்.
அரை.
வந்துட்டுது, வந்துட்டுது, விடாதீங்க."

ஒரே ஜாக்கி என்பதால்
ஸ்டெப்னிதான் இடைத்தரகர்.
இது இறங்க அது ஏற, அது இறங்க மற்றது ஏற
மூன்று முறை இதே சடங்கு.
மூன்றாவதில் அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு
தரையைப் பார்த்துச் சொன்னார்:
"எனக்கும் தூக்கக் கூடாதுங்க.
தையில ஸ்டென்ட் வெச்சாங்க. ரெண்டு."
"அப்புறம் எதுக்கு விடுங்கன்னீங்க?"
"அது…
வாயில வந்துருதுங்க."

சிரித்தால் வலிக்கும்.
சிரித்தேன். வலித்தது.

நட்டுகளை எதிரெதிராக முடுக்கி
ஜாக்கியை இறக்கியபோது
வண்டி ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்தது.
நான் எழவேண்டும்.
பக்கவாட்டில் ஒருக்களித்து, முழங்கை ஊன்றி,
ஒரு முட்டி, கதவுக் கைப்பிடி, மறு முட்டி.
அதற்குள் மலை முழுதாக வெளியே வந்திருந்தது.
தணிகைவேல் கை நீட்டவில்லை.
பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை ஜெனிட்டா கேட்டாள்,
முதுகெலும்பில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே:
"எதையும் தூக்கலையே?"
"இல்ல" என்றேன்.
நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் போகவில்லை.
பொய்யுமில்லை.

வலப்பக்கம் பாக்கி இருக்கிறது.