வெள்ளிக்கிழமைக்குள்

படிவத்தில் பெயருக்குப் பதினான்கு கட்டம்.
பிரெஞ்சு எழுத்தில் சண்முகநாதன்
பதினான்கையும் தின்றுவிட்டார்.
சயந்தவி விளிம்பில் நிற்கிறாள், பென்சிலில்.

கீழே ஒரே கேள்வி:
மூன்று சிறப்புப் பாடங்களில் எதை விடுகிறாய்?

மருத்துவத்துக்குப் போகிறவர்கள் கணிதத்தை விடுவார்கள்,
விட்டுவிட்டு மூன்று மணி நேரத் துணைக்கணிதம் எடுப்பார்கள்.
பொபினியில் டிராம் எந்தப் பக்கம் போகும் என்பதுபோல
எங்கள் லிசேயில் எல்லாருக்கும் இது தெரியும்.
ஆறு மணி நேரக் கணிதத்தை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்
உள்ளே இன்னொரு அறை திறக்கும்.
அங்கேதான் மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் குடியிருக்கிறது.

மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்க
மதாம் ஃபெர்ஹாட் அதைப் பலகையில் எழுதிக் காட்டினார்.
வகுப்பு பையைப் பூட்டிக்கொண்டிருந்தது.
நான் பூட்டவில்லை. உஸ்மானும் பூட்டவில்லை.
அவன் பாலம் கட்டப் போகிறவன், அவனுக்குக் கவலையில்லை.
"நீ போனால் முன்வரிசையில் நான் தனி" என்றான்,
ஏதோ நான் நாடு விட்டுப் போவதுபோல.

அப்பா, "ஒண்டையும் விடாதே, மூண்டையும் எடு" என்கிறார்.
மூன்றுக்கும் இடமில்லை என்று மூன்று முறை சொன்னேன்.
"கேட்டுப் பார்த்தியோ?" என்கிறார்.

பங்குனியில் அம்மாவுக்குக் கடிதம் வந்தது:
மார்புப் படத்தில் ஒன்று தெளிவில்லை,
திரும்ப வரவும்.
வாசித்துச் சொன்னது நான். வீட்டில் எப்போதும் நான்தான்.
வாசித்து முடிக்க அம்மா அடுப்பை அணைத்தாள்.
கறி பாதியில் நின்றது.

கட்டத் தாள் எடுத்தேன்.
ஆயிரம் புள்ளி வைத்தேன், ஆயிரம் பெண்கள்.
எழுபது பேரைத் திரும்பக் கூப்பிடுவார்கள்,
அவர்களைச் சுற்றி நீலக் கோடு.
அதற்குள்ளே ஏழெட்டுப் பேருக்குத்தான் உண்மையில் நோய்,
அவர்களுக்குச் சிவப்பு.
பார் அம்மா, பத்தில் ஒன்பது பங்கு ஒன்றுமில்லை.
நிபந்தனை நிகழ்தகவு. தை மாதம் படித்தது.
அந்தப் பரீட்சையில் இருபதுக்குப் பத்தொன்பது.

அம்மா தாளை விளக்கடியில் பிடித்துக் கனநேரம் பார்த்தாள்.
பிறகு கேட்டாள்:
"இதிலை நான் எந்தப் புள்ளி?"

பத்தொன்பதுக்கு அதற்குப் பதில் இல்லை.
இருபதுக்கும் இருந்திருக்காது.

அவிசென் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்தார்கள்.
வெறும் நீர்க்கட்டி.
திரும்பும் வழியில் அம்மா முருங்கைக்காய் வாங்கினாள்,
ஒரு கட்டு ஐந்து யூரோ, பேரம் பேசவில்லை.
"உன்ரை புள்ளி சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றாள்.
புள்ளி ஒன்றும் சொல்லவில்லை அம்மா.
சிவப்பாய் இருந்திருந்தாலும் கணக்கு சரியாகவே இருந்திருக்கும்.
அதை அவளிடம் சொல்லவில்லை. முருங்கைக்காய்ப் பையை வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மிஞ்சிய சொற்களில் ஒன்று, மெய்.
உண்மைக்கும் அதுதான், உடம்புக்கும் அதுதான்.
கற்பனை எண்ணுக்கு எதிரே நிற்கிற எண்ணையும்
மெய்யெண் என்றுதான் சொல்கிறார்கள்.
பிரெஞ்சில் இந்த விளையாட்டு வராது.
உஸ்மானுக்குச் சொல்லப் பார்த்தேன், பாதியில் விட்டேன்.

துணைக்கணிதத்தின் பாடத்திட்டத்தைத் தேடி வாசித்தேன்.
நிகழ்தகவு இருக்கிறது. மடக்கை இருக்கிறது.
வெளியில் மிதக்கும் தளங்கள் இல்லை,
திசையன்கள் இல்லை,
அந்த அறை இல்லை.
உடம்பும் வெளியில்தானே இருக்கிறது
என்று ஒருத்தரும் யோசிக்கவில்லையா?

இன்று வியாழன், இரவு பதினொன்று.
கணிதம் என்ற கட்டத்தில் குறுக்குக் கோடு போட்டிருக்கிறேன்,
அதுவும் பென்சிலில்.
பக்கத்தில் அழிறப்பர்.
மேசைக்கு அந்தப் பக்கம் அப்பா
கடைக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருக்கிறார், விரல் மடக்கி,
ஒவ்வொரு முறையும் வேறு தொகை.

ஆயிரம் புள்ளித் தாளை அம்மா எறியவில்லை.
கடவுச்சீட்டுகளோடு வைத்திருக்கிறாள்.
நேற்று எடுத்துப் பார்த்தேன்.
நீலக் கோட்டுக்குள் ஒரு புள்ளியை
பேனாவால் அழுத்திக் கறுப்பாக்கியிருக்கிறாள்.
சிவப்புக்குப் பக்கத்துப் புள்ளி.